தாம்பூலம் வாங்கிய ஒட்டகச்சிவிங்கி

போடிநாயக்கனூரில் பெயிண்டுக்கடை வைத்திருக்கும் சுந்தரவேல் வீட்டுக்கு ஆவணி இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒட்டகச்சிவிங்கி விருந்துக்கு வந்ததென்றால் அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அதை முறைப்படி அழைத்தவள் சுந்தரவேலின் மனைவி வளர்மதிதான். குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, தேதி கிழமை நேரம் எல்லாம் சொல்லி, குடும்பத்தோடு அவசியம் வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லி அழைத்திருந்தாள். அப்படி அழைத்த பிறகு வராமல் இருந்தால்தான் தப்பு.

ஆடி மாதத்தில் எவனும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டான். கடையில் ஈ ஓட்டுகிற அந்த ஒரு மாதத்தில்தான் பெயிண்டுக் கம்பெனிக்காரர்கள் நிறைய டப்பா விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவார்கள். இந்த ஆடிக்குக் கென்யா என்று சுந்தரவேல் வந்து சொன்னபோது வளர்மதி சிங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, குளிருமா என்று கேட்கவில்லை, "நைவாஷா அங்கனதான இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நைவாஷாவில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் அவளுடைய அண்ணன் ஜெயக்கொடி பதினைந்து வருடமாக மேஸ்திரியாக இருக்கிறான். கல்யாணம் காட்சி இல்லாத ஒற்றை ஆள். ஏழு வருடத்துக்கு முன்னால், இந்த வீட்டின் பால்காய்ச்சுக்கு அடித்த பத்திரிகையில் எல்லோர் பெயரும் இருந்தது. சுந்தரவேலின் சித்தப்பா மகன்கள் நான்கு பேர் பெயரும் பட்டத்தோடு இருந்தது. ஜெயக்கொடியின் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. அச்சடித்தவன் தப்பா, எழுதிக் கொடுத்தவன் தப்பா என்று இன்றுவரை தெரியாது. அண்ணன் வரவில்லை. பேர் விட்டுப்போனால் என்ன, தங்கச்சி வீடுதானே, ஓடி வந்திருக்க வேண்டாமா என்று வளர்மதிக்குக் கோபம். பெயரே இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது என்று அண்ணனுக்குக் கோபம் இருந்திருக்கும், ஆனால் அவன் சொல்லவில்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். அதனால்தான் ஏழு வருடமாகப் பேசாமல் இருக்க முடிந்தது, வேறு யாராக இருந்தாலும் ஏழு நாளில் பேசியிருப்பாள்.

இதற்கு நடுவில் யாழிசை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போய்விட்டாள். ஆறு வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் குத்துவேன் என்று வளர்மதி ஒற்றைக் காலில் நின்றாள், தாய்மாமனைக் கூப்பிடவும் மாட்டேன் என்று இன்னொரு காலிலும் நின்றாள். ஒன்றாம் வகுப்பில் காதில் ஓட்டையில்லாத ஒரே பெண்பிள்ளை யாழிசை. "எங்க மாமா வந்தாத்தான் எனக்குத் தோடு" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த மாமாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கென்யா என்றதும் வளர்மதி நாள் குறித்தாள். ஆவணி இருபத்திமூன்று, ஞாயிற்றுக்கிழமை. அச்சகத்தில் தானே போய் உட்கார்ந்து நான்கு தடவை பிழை பார்த்தாள், ‘தாய்மாமன்: ஜெயக்கொடி’ என்பதை மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிய எழுத்தில் போடச் சொன்னாள். "வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ எடுத்துத் தட்டிவிட்டா முடிஞ்சு போச்சு" என்றார் சுந்தரவேல். "ஏங்க, அதுக்குப் பேரு அழைப்பா? நேர்ல போயி தாம்பூலம் வச்சுக் கூப்புடணும்." ஈரத்துணியில் சுற்றிய ஆறு வெற்றிலை, பாக்கு, குங்குமச்சிமிழ், எவர்சில்வர் தட்டு, ஒரே ஒரு பத்திரிகை. இவ்வளவும் பெட்டியில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் விமானம் ஏறின.

மாசாய் மாராவில் மூன்று நாள் சுற்றினார்கள். கூரை திறந்த வேனை ஓட்டியவர் பெயர் கிப்ரோனோ. அவர் வளர்மதி கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை விரலால் தொட்டு நக்கிவிட்டு அப்புறம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. வேன் நின்ற இடத்திலெல்லாம் வளர்மதிக்கு மிருகங்கள் உறவுக்காரர்களாகத்தான் தெரிந்தன. மரத்தடியில் நான்கு பெண் சிங்கங்கள் வேட்டையாடிக் கொண்டுவந்து போட, எழுந்து வந்து முதல் வாய் தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொண்ட ஆண் சிங்கத்தைப் பார்த்து, "எங்க பெரியத்தான்" என்றாள். தாடி வைத்த மாடுகள் ஆயிரக்கணக்கில் ஆற்றங்கரையில் வந்து குவிந்து, நீ முதலில் இறங்கு, நீ முதலில் இறங்கு என்று ஒரு மணி நேரம் நின்றன. கீழே முதலைகள் காத்துக்கிடந்தன. கடைசியில் ஒன்று குதிக்க, அத்தனையும் குதித்து, அக்கரையில் ஏறிய ஒரு கன்று தாயைத் தேடித் திரும்பி ஆற்றைப் பார்த்துக் கத்தியது. யானைக் குடும்பம் ஒன்று வேனுக்கு முன்னால் பாதையைக் கடந்தது. குட்டி பின்தங்கியதும் கூட்டம் மொத்தமும் நின்று, அது வந்து சேர்ந்த பிறகுதான் நகர்ந்தது. "பாத்தீகளா, நின்னு கூட்டிட்டுப் போகுதுக" என்று சுந்தரவேலின் கையைத் தட்டிக் காட்டினாள். ஒவ்வொரு மிருகத்திடமும் கிளம்பும்போது, ஊர்ப் பழக்கத்தில், "போயிட்டு வர்றோம்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டாள்.

நான்காம் நாள் நைவாஷா. ஏரிக்கரையில் ஒட்டகச்சிவிங்கிகள் மேய்கிற வெளியில் நடந்துபோய்ப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனார்கள். அங்கே, கழுத்தில் போடித் துண்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு கட்டு ரோஜாவோடு ஜெயக்கொடி நின்றான். பெயிண்டுக் கம்பெனிக்காரர்களோடு தங்கச்சி குடும்பம் வருகிற செய்தி அவன் காதுக்கு எப்படியோ போயிருந்தது. தலை பாதி நரைத்திருந்தது. யாழிசையிடம் பூவைக் கொடுத்துவிட்டு அவளுடைய காதைப் பார்த்தான். அப்புறம் துண்டை எடுத்து மூன்று தடவை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அதைத்தான் செய்வான்.

"நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன். நீங்க?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். அவள் கைப்பையில் தட்டு இருந்தது. இப்போது எடுத்து நீட்டினால் முடிந்தது கதை. எடுத்தும் விட்டாள். குங்குமச்சிமிழைத் திறந்து, வெற்றிலையை விரித்து, பத்திரிகையை அதன் மேல் வைத்து நிமிர்ந்தபோது, "என்ன, ஊர்ல யாருக்கும் விசேசமா?" என்று ஜெயக்கொடி கேட்டுவிட்டான், எதுவும் தெரியாதவன் போல, அந்நியன் போல. ஏழு வருடக் கோபமும் ஒரே நொடியில் வளர்மதிக்குத் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஒட்டகச்சிவிங்கி பக்கத்தில் வந்து, கழுத்தைத் தாழ்த்தி, அவள் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, நீண்ட இமைகளை மூடித் திறந்தது. அவள் அண்ணனை விட்டுவிட்டுத் தட்டோடு அதன் பக்கம் திரும்பினாள்.

"ஆவணி இருவத்திமூணு, ஞாயித்துக்கெழம, காலைல ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ள பாப்பாவுக்குக் காது குத்துறோம். குடும்பத்தோட அவசியம் வந்துரணும். சொன்னாங்களா சொல்லலையான்னு இருந்துறாதீக. முறையா வந்து கூப்புடுறேன், அவசியம் வந்துரணும்."

அதன் நெற்றியில் குங்குமமும் வைத்தாள். ஒட்டகச்சிவிங்கி கருநீல நாக்கை நீட்டி ஆறு வெற்றிலையையும் எடுத்துக்கொண்டது, பாக்கை எடுத்துக்கொண்டது, கடைசியாகப் பத்திரிகையையும் மடித்து வாய்க்குள் வாங்கிக்கொண்டு மென்றது. கூட வந்த கடைக்காரர்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஜெயக்கொடியும் சிரித்தான், கொஞ்ச நேரம்தான். "எல்லாரையும் கூப்புட்டாச்சு போல" என்றான். துண்டை உதறினான். தோட்டத்தில் வேலை கிடக்கிறதென்று நடந்துவிட்டான்.

வேனில் ஏறியதும் வளர்மதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "கொண்டாந்ததே ஒரு பத்திரிகைங்க. அண்ணன் பேரு அதுலதாங்க இருந்துச்சு."

ஆக, வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. தேனி ரோட்டில் வந்த ஒட்டகச்சிவிங்கி முக்கில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தபோது பால்காரர் வண்டியை நிறுத்தி, "பெயிண்டுக்கடைக்காரர் வீடா? நேராப் போயி மூணாவது தெரு" என்று கைகாட்டிவிட்டுப் போனார். மின்சார வாரியத்து வயர்மேன் சுருளிவேல்தான் கொஞ்சம் சலித்துக்கொண்டார். தேர் வரும்போது வயரைத் தூக்கிப்பிடிக்கிற அதே மூங்கில் கம்பை எடுத்துவந்து, "வர்றதுன்னா ஒரு வார்த்த முந்தியே சொல்ல மாட்டீகளா" என்று திட்டிக்கொண்டே தெரு முழுக்க வயரைத் தூக்கி வழிவிட்டார். ஒட்டகச்சிவிங்கி ஒவ்வொரு வயருக்கும் மரியாதையாகத் தலையைக் குனிந்து வந்து, வளர்மதி வீட்டு வாசலில் நின்றது. நெற்றியில் குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது.

வளர்மதி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அடுத்த கணம் உள்ளே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், சொம்பைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப்போய் அண்டாவில் கொண்டுவந்தாள். "வாங்க வாங்க" என்றாள். வேறென்ன சொல்வது? எப்படி வந்தீர்கள், கடலை எப்படித் தாண்டினீர்கள் என்றெல்லாம் விருந்தாளியிடம் கேட்கிற ஊர் இல்லை அது. சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள்.

இரண்டு நாளில் தெரு அதற்குத் தகுந்தபடி ஆகிவிட்டது. பந்தல்காரர் நட்ட கால்களைப் பிடுங்கி, நடுவில் தலை நீட்ட ஓட்டை விட்டு மறுபடி போட்டார். சமையல்காரர், "சைவமா அசைவமா, இப்பவே சொல்லிருங்க, பொறவு கெடாக்கறிக் கரண்டிய அதுல விட்டுட்டேன்னு பேச்சு வரக் கூடாது" என்று கறாராகக் கேட்டுத் தனி அடுப்பு மூட்டினார். பையன்கள் அடித்த வரவேற்பு பேனரில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து இடம் பத்தாமல் பாதியில் நின்றது, மீதியை இன்னொரு பேனர் அடித்து மேலே கட்டினார்கள். எதிர்மாடியில் குடியிருக்கும் நசீமா, மூன்று வருடமாக யாரிடமும் பேசாதவர், சன்னலுக்கு நேரே வந்து நின்ற முகத்தோடு முதலில் பேசினார், அப்புறம் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வளர்மதியோடு பேசினார். வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து, யாரைக் கேட்டுக் கொண்டுவந்தீர்கள் என்றார். "கொண்டாரல சார், கூப்புட்டோம்" என்று சுந்தரவேல் பத்திரிகையை நீட்ட, அவர் அதை இரண்டு பக்கமும் படித்துப் பார்த்து, ஒரு காப்பி குடித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் விருந்தாளி சாப்பிடவில்லை. அகத்திக்கீரைக் கட்டு வந்தது, வாழைத்தார் வந்தது, நசீமா வீட்டிலிருந்து ஒரு கூடை கேரட் வந்தது. எதையும் தொடாமல், வாசலில் நின்றபடி, கழுத்தை வடக்கே திருப்பி, வீடுகளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டே இருந்தது. "ஊரு நெனப்பு" என்றார்கள். "ஆப்பிரிக்கா அந்தப் பக்கமாடா இருக்கு?" என்று சுருளிவேல் கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சுந்தரவேலின் பங்காளிகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாம்பூலம் எடுத்தது அவுக. பத்திரிகையத் தின்னது அவுக, அதுவும் தாய்மாமன் பேரு போட்ட பத்திரிகை. அப்படியென்றால் தாய்மாமன் முறை அவுகளுக்குத்தான் வருது, மாமன் மால அவுகளுக்குத்தான் போடணும். எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது.

யாழிசைதான் கேட்டாள். "மடி எங்கம்மா?"

"என்னடி?"

"மாமாவுக்கு மடி எங்க? நான் எதுல உக்கார்றது?"

பெரியவர்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி அந்த நான்கு நெட்டைக் கால்களைப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலி போடலாம் என்றார். ஒருவர் ஏணி என்றார். யாழிசை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "அப்ப எனக்குத் தோடு வேணாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து ஆறு மணிக்கு, தலைக்குக் குளித்துவிட்டு வளர்மதி மொட்டை மாடிக்கு ஏறினாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒட்டகச்சிவிங்கியின் முகம் இருந்தது. வடக்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. "மூணு நாளாப் பச்சத்தண்ணி பல்லுல படல. எங்க வீட்டுல என்ன கொற வச்சோம்? வாயத் தொறந்து சொன்னாத்தானங்க தெரியும்" என்று அவள் கேட்டாள். கேட்டபோது அவளுக்கே சுருக்கென்றது. அது திரும்பவில்லை. சரி, அப்படி என்னதான் பார்க்கிறது என்று அதன் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, அது பார்க்கிற திசையில் அவளும் பார்த்தாள்.

ஏழு வருடமாக வடகம் காயப்போடுகிற மாடி. அங்கிருந்து என்ன தெரியும் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. மூன்று தெரு தள்ளி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாலவிநாயகர் லாட்ஜ். அதன் மொட்டை மாடியில் ஒரு ஆள், இப்போதுதான் குளித்த ஈரத்தலையோடு, இந்த வீட்டுப் பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தான். உதறினான், ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சுந்தரவேல் பாதி முகச்சவரத்தோடு மேலே ஓடிவந்தார். "தட்ட எடுங்க. வெத்தல எடுங்க. ரெண்டு பேருமாப் போயிக் கூப்புடணும்."

வளர்மதி தட்டோடு முன்னால் போக, பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு சுந்தரவேல் பின்னால் போக, யாழிசை பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, ஒட்டகச்சிவிங்கி அவர்களுக்குத் தகுந்தபடி நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தது. மூன்று தெருவிலும் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சுருளிவேல் கேட்காமலே கம்போடு முன்னால் ஓடினார்.

லாட்ஜ் மேனேஜர் காசிநாதன் வாசலுக்கு வந்து அவர்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஏழாம் நம்பர் ரூமுதானம்மா? வியாழக்கெழம வந்தாரு. போன தடவையும் இதே ரூமுதான்."

"போன தடவையா?"

"ஒரு ஏழு வருசம் இருக்கும். குத்துவிளக்கோட வந்து எறங்குனாரு. தங்கச்சி வீடு பால்காச்சுன்னாரு. மறுநா யாரோ பத்திரிகையக் காட்டிருப்பாங்க போல. மூணு நாளு ரூம விட்டு வெளிய போகல. என்னைய யாரும் தேடி வந்தாங்களா, கூப்புட வந்தாங்களான்னு மணிக்கொரு தடவ கேட்டுக்கிட்டே இருந்தாரு. யாரும் வரலம்மா. அந்த வெளக்கு இன்னமும் என் ஸ்டோர்ரூம்லதான் கெடக்கு."

வளர்மதி படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஏழு வருடத்துக் கோபமும் ஒரு நிமிடத்தில் எங்கே போனதென்று தெரியாமல் போய்விட்டது, அது இருந்த இடத்தில் வெறும் வலிதான் இருந்தது. அண்ணன் வந்திருக்கிறான். மூன்று தெரு தள்ளி உட்கார்ந்து காத்திருக்கிறான். அவள் மாடியில் துணி காயப்போட்டிருக்கிறாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயக்கொடி படியிறங்கி வந்தான். யாரையும் பார்க்காமல், "ஒட்டகச்சிவிங்கி தனியாக் கெளம்பிருச்சு. பாவம், வழி தெரியாதுல்ல. கூடத் தொணைக்கு வந்தேன். மத்தபடி ஒண்ணுமில்ல" என்றான்.

வளர்மதி எழுந்து தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். "ஆவணி இருவத்திமூணு…" என்று ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கெழம… இன்னைக்குத்தாண்ணே. ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ள, உங்க மருமகளுக்கு… உங்க மடியில வச்சு…" அதற்கு மேல் முடியவில்லை.

அவன் கை துண்டுக்குப் போனது. அந்த நேரம் மேலேயிருந்து கருநீல நாக்கு ஒன்று மெல்ல இறங்கி வெற்றிலையை நோக்கி வந்தது. ஜெயக்கொடி சட்டென்று பாய்ந்து தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஏய், போ அங்கிட்டு! இது எனக்கு வச்சது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டான்.

வெற்றிலைக்கு மேல் இருந்த பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்து, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்து, "இம்புட்டுப் பெருசாவா போடுவாக?" என்றான்.

"அன்னைக்கும் இதத்தாண்ணே கொண்டாந்தேன். அவுக தின்னுட்டாக."

ஒன்பதேகால் மணிக்குப் பந்தலில், ஏழு வருடத்துத் தூசியைத் துடைத்து ஏற்றிய குத்துவிளக்குக்கு முன்னால், யாழிசை தன் மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் தெருவே கேட்கிற மாதிரி அலறினாள், இரண்டாவது காதுக்கு மாமனும் சேர்ந்து அலறினான், கூட்டம் சிரித்தது. பந்தல் ஓட்டை வழியாக மேலே நீட்டியிருந்த கழுத்து அப்போதுதான் வடக்கேயிருந்து திரும்பியது. கீழே இறங்கி, முதலில் கேரட், அப்புறம் வாழைத்தார், அப்புறம் நாற்பது கட்டு அகத்திக்கீரை என்று வைத்தது வைத்தபடி சாப்பிட்டது. சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அது கிளம்பியது. வளர்மதி தாம்பூலப்பையை அதன் கொம்பில் மாட்டிவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். தெருமுனையில் அது ஒரு தடவை நின்று, வீடுகளுக்கு மேலாக வடக்கே பார்த்தது. லாட்ஜ் மொட்டை மாடியில் யாரும் இல்லை. பிறகு திரும்பி வளர்மதி வீட்டு மாடியைப் பார்த்தது. அங்கே கொடியில், யாழிசையின் பாவாடைக்குப் பக்கத்தில், ஜெயக்கொடியின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வயருக்குத் தலையைக் குனிந்துகொண்டு, தேனி ரோட்டில் நடந்துபோனது.